ஒருமனதாக

ஆசிரியர் குழுவின் செயலர் என்று பெயர்.
வேலை, யாரும் பேசாததைக் குறிப்பேட்டில் எழுதுவது.
இயற்பியல் வகுப்பு முடிந்த கையோடு
சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியிருக்க
ஒன்பது வருடமாக எழுதுகிறேன்,
"தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."
பேனா அந்த வார்த்தைக்குத் தானாகவே போய்விடும்,
காவேரிப்பட்டணம் டவுன் பஸ்
பள்ளம் பார்த்துப் பார்த்துப் பழகிய மாதிரி.

மேசை தாளாளர் கொடுத்தது.
பர்கூர் தாண்டி அவருடைய குவாரியில் அறுத்த கருங்கல்.
முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு மெருகு.
கூட்டம் தொடங்கியதும் இருபத்திரண்டு பேரும்
அவரவர் முகத்தை அவரவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்றைக்குப் பொருள் எண் மூன்று.
வரலாற்றுத் துறையை வரும் ஆண்டு முதல் மூடுவது,
அறை இரண்டையும் கணினிக்குக் கொடுப்பது.
முதல்வர் திம்மராயன் வாசித்தார்,
வேறு யாரோ எழுதித் தந்ததை
வேறு யாருக்கோ வாசிப்பதுபோல.
"பதினோரு பிள்ளைகள்தான் சேர்ந்திருக்கிறார்கள்."

பதினொன்றில் நான்கு
அஞ்செட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறது.
அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் முனிரத்தினம்.
அவர் தற்காலிகம்.
தற்காலிகங்களுக்கு இந்த அறையில் நாற்காலி கிடையாது.

ஜன்னல் வழியே மாங்கூழ் ஆலையின் வாடை.
நான்கு மணிக்கு மலையில் வெடி வைத்தார்கள்.
கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.
"ஆட்சேபம் எதுவும்" என்றார்,
கேள்விக்குறி இல்லாமல்.
நான் "ஒரும" வரை எழுதிவிட்டேன்.

தாவரவியல் நஞ்சம்மாள்தான்.
எழுந்திருக்கக்கூட இல்லை.
"முடிவெடுத்துவிட்டு எங்களை எதற்கு சார் கூப்பிடுகிறீர்கள்?
கூப்பிட்டுவிட்டீர்கள். எனக்குச் சம்மதமில்லை.
அதை எழுதச் சொல்லுங்கள்."

எப்படி எழுதுவது?
ஒருமனதில் ஒரு மனம் குறைந்தால்
மிச்சத்துக்கு என்ன பெயர்?
அலுவலக உதவியாளரிடம் சாவி வாங்கிப்
பழைய ஏடுகளைப் புரட்டினேன், மாதிரி தேடி.
கரையான் விட்டுவைத்த வருடங்களில்
ஒரே ஒரு இடம், எனக்கு முந்தியவரின் கையெழுத்தில்:
"பொருள் எண் ஐந்தில்
கணிதத் துறை திரு. தி. திம்மராயன் உடன்படவில்லை.
காரணம் கேட்கப்படவில்லை."

அப்போது அவருக்குக் கதவோரம் மூன்றாவது நாற்காலி.
விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு
அவருடைய மொபெட்டின் பின்னால் போயிருக்கிறேன்.
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் டீ குடித்தபடி
ஆட்சிக்குழுவை அவர் திட்டிய திட்டு
எந்த ஏட்டிலும் ஏறாது.

வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதினேன்.
எண்ணையும் துறையையும் பெயரையும் மட்டும் மாற்றினேன்.

கையெழுத்துக்கு நீட்டியபோது
பச்சை மைப் பேனாவைத் திறந்தார்.
படித்தார்.
மறுபடி, விரல் வைத்துப் படித்தார்.
தாளாளரின் அழைப்பில் செல்பேசி அதிர்ந்து
நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தது. எடுக்கவில்லை.
"இந்த வாசகம் எங்கே கிடைத்தது?"
"பழைய ஏட்டில் இருக்கு சார்."
எந்த வருஷம் என்று கேட்பார் என நின்றேன்.
நஞ்சம்மாளின் முதலெழுத்துக்குப் பக்கத்தில்
நான் விட்டிருந்த புள்ளியை வைத்தார்.
கையெழுத்துப் போட்டார்.
மை காயட்டும் என்றார்.

துறை மூடியாயிற்று.
அறைகளுக்குக் குளிர்சாதனம் வந்தது.
முனிரத்தினம் ஓசூரில் ஏதோ கம்பெனிக் கிடங்கில்
கணக்கு எழுதுவதாகக் கேள்வி.
நஞ்சம்மாளுக்கு இப்போது
காலை முதல் மணியும் மாலை கடைசி மணியும்;
கால அட்டவணையை யார் போட்டது என்று
அட்டவணையில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள்
முதல்வர் அறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு, பச்சை மையில்:
கூட்ட அறை மேசைக்குத் தடித்த விரிப்பு ஒன்று வாங்கவும்,
முழு நீளத்துக்கும்.
காரணம் கேட்கப்படவில்லை.